வாடகைக்கு விடாத கட்டில்

பெரிச்சிபாளையம், திருப்பூர்
21.4.2025

இசக்கி மெஸ் நடத்துகிற அம்மாவுக்கு,

என் பெயர் மாரக்காள். மாதம் இரண்டு தரம் உங்களிடம் வந்து தங்குகிற பனியன் வியாபாரம் சாமியப்பன் என் வீட்டுக்காரர். அவர் பையில் உங்கள் மெஸ் சீட்டு இருந்தது. அதிலிருந்த விலாசத்துக்கு எழுதுகிறேன்.

என் மகள் தமிழ்மதி துணி டிசைன் படிப்பு முடித்திருக்கிறாள். பம்பாயில் ஒரு ஏற்றுமதி ஆபீசில் ஆறு வாரம் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். ஜூன் ஒன்பதாம் தேதி திங்கட்கிழமை சேர வேண்டும். ஒழுங்காக முடித்தால் இங்கே திருப்பூர் ஆபீசிலேயே வேலை. தங்க இடம் மட்டும் அவர்கள் தரமாட்டார்களாம். எங்கள் கம்பெனி சூப்பர்வைசர் ஜெயபாண்டி போனில் தேடிப் பார்த்தார். ஒரு நாளைக்கு மூவாயிரத்துக்குக் குறைந்து நல்ல ஓட்டல் இல்லை. "பம்பாய்ல கட்டலுக்கு அடியில படுக்கறதுக்கும் வாடகைங்க அக்கா" என்று சிரிக்கிறார்.

அதனால் கேட்கிறேன். உங்களிடம் பெண்பிள்ளைகள் தங்க இடம் உண்டா? என்ன வாடகை? ராத்திரி கதவுச் சாவி யாரிடம் இருக்கும்? நீங்கள் அங்கேயேதான் குடியிருக்கிறீர்களா? உங்கள் வீட்டுக்காரர் கூட இருக்கிறாரா? உங்களுக்கு என்ன வயது, எந்த ஊர்? என் வீட்டுக்காரர் எத்தனை வருஷமாக அங்கே வருகிறார், எந்த அறையில் படுப்பார், அவர் துணியை யார் துவைக்கிறார்கள்?

பெண்ணை அனுப்புகிறவள் இதையெல்லாம் கேட்டுத்தான் அனுப்ப வேண்டும். தப்பாக எடுக்க வேண்டாம். எனக்குப் போனில் பேச வராது. கடிதமே போடுங்கள்.

மாரக்காள்


தாராவி, மும்பை
29.4.2025

அன்புள்ள அக்காவுக்கு இசக்கியம்மாள் எழுதுவது.

தபால்காரர் கடிதத்தை நீட்டியதும் ஏதோ கோர்ட்டு நோட்டீஸ் என்று பயந்துவிட்டேன். படுக்க இடம் கேட்டு இந்தக் காலத்தில் யார் கடிதம் போடுகிறார்கள்? படித்து முடித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணாச்சி சொல்வார், "எஞ்சம்சாரம் ஒரு சீலை எடுக்கோணும்னா கடைக்காரன் பொண்டாட்டி பேரு வரைக்கும் கேட்டுப்போட்டுத்தானுங்க எடுப்பா" என்று. அது நிஜம்தான் போலிருக்கிறது.

கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். மேல் மாடியில் ஆண்களுக்கு ஒன்பது கட்டில். கீழ் அறையில் பெண்களுக்கு மூன்று, நாலாவதில் நான். இரண்டு வேளைச் சாப்பாட்டோடு நாளைக்கு முந்நூறு. சாவி என் இடுப்பில். எனக்கு நாற்பத்து மூன்று வயது. நாங்குநேரிப் பக்கம். என் வீட்டுக்காரர் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. செத்துப் போகவில்லை, போய்விட்டார். அண்ணாச்சி பதினோரு வருஷமாக வருகிறார். மாடியில் ஜன்னல் பக்கத்துக் கட்டில். துணி அவரவர்தான் துவைக்க வேண்டும். இங்கே தண்ணீர் வருவதே காலையில் ஒரு மணி நேரம்.

அமராவதி ஆற்றில் செருப்பை விட்டுவிட்டு நடந்தது நீங்கள்தானே? கல்யாணமான புதிதில், கொமரலிங்கத்தில், உங்கள் பிறந்த ஊரில். அண்ணாச்சியும் தன் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் கூடவே வெயிலில் வெறுங்காலோடு நடந்தாராமே. எங்கள் மெஸ்ஸில் அந்தக் கதை தெரியாத ஆள் இல்லை. ஒவ்வொரு தரமும் ஒரு மைல் கூடிக்கொண்டே போகும்.

அவர் ஏன் தீபாவளிக்குப் பிறகு வரவில்லை? வேறு ரூட்டில் போட்டுவிட்டார்களா? போன மாதம் அவர் போனிலிருந்து அழைப்பு வந்து பாதியில் நின்றுபோயிற்று. நான் திருப்பிக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. டாக்டரிடம் காட்டினாரா? நான் கேட்டேன் என்று சொல்லுங்கள். வரும்போது ஊத்துக்குளி வெண்ணெயை மறக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

உங்கள் மகள் தைரியமாக வரட்டும்.

இசக்கியம்மாள்


திருப்பூர்
6.5.2025

இசக்கியம்மாளுக்கு,

அவர் இறந்துவிட்டார். நவம்பர் ஒன்பதாம் தேதி, சனிக்கிழமை. காதர்பேட்டையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நான் பேக்கிங் மேஜையில் இருந்தேன். வந்து கூப்பிட்டார்கள். விரலில் சைஸ் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது, அதோடேயே போய் அவர் முகத்தைத் தொட்டேன்.

முதல் கடிதத்தில் இதை எழுதாமல் விட்டது வேண்டுமென்றே. நீங்கள் அவரைப் பற்றி எப்படி எழுதுகிறீர்கள் என்று பார்க்க வேண்டியிருந்தது. பார்த்துவிட்டேன்.

போனில் பேச வராது என்று எழுதியதும் பொய். நூறு நாள் கழிந்த பிறகு அவர் போனைச் சார்ஜ் போட்டு எடுத்தேன். அடிக்கடி கூப்பிட்ட பெயர்களில் என் பெயருக்கு மேலே "மெஸ்" என்று ஒன்று இருந்தது. கூப்பிட்டேன். நீங்கள் எடுத்து, "என்ன அண்ணாச்சி, உசுரோடதான் இருக்கியளா?" என்று சிரித்தீர்கள். அந்தக் குரலை இன்னொரு தரம் கேட்க என்னால் ஆகாது. நீங்கள் கூப்பிட வேண்டாம். எடுக்க மாட்டேன். எழுதுங்கள்.

அண்ணாச்சி என்று கூப்பிட்டால் அண்ணன் ஆகிவிடுவாரா? உங்கள் ஊர்க்காரர்கள் மளிகைக்கடைக்காரரையும் அப்படித்தான் கூப்பிடுகிறீர்கள்.

செருப்புக் கதை எங்கள் இரண்டு பேருடையது. இருபத்தாறு வருஷத்தில் அவர் அதை என்னிடம் ஒரு தரம்கூடப் பேசியதில்லை. மறந்துவிட்டார் என்று நினைத்திருந்தேன். வெண்ணெயும் அப்படித்தான். வண்டி ஏறும் அன்றைக்கு ஊத்துக்குளி போய் வாங்கி வருவார். "முதலாளி ஊட்டுக்கு" என்று சொல்லிப் பையில் வைப்பார். நான் நம்பி, உருகாமல் இருக்க ஈரத்துணி சுற்றிக் கொடுத்தேன். என் கையால்.

இன்னொன்று. இதை யாரிடமும் சொன்னதில்லை. நான் பத்தொன்பது வருஷமாகப் பேக்கிங்கில் இருக்கிறேன். பம்பாயிலிருந்து அவர் பை வந்ததும் திறந்து பார்ப்பேன். சட்டையெல்லாம் கம்பெனி மடிப்பில் இருக்கும். கை இரண்டும் பின்னால், உள்ளே அட்டை வைத்த மாதிரி நாலு மூலையும் ஒரே அளவு. சலவைக்காரன் அப்படி மடிக்க மாட்டான். ஆண்பிள்ளைக்கு வராது. பேக்கிங் மேஜையில் நின்ற ஒரு பெண் கை அங்கே இருக்கிறது என்று அன்றைக்கே தெரிந்துகொண்டேன்.

பக்கத்து மேஜை சத்யப்பிரியா மாதாமாதம் கிருத்திகைக்குப் பழனி போகிறேன் என்று லீவு போடுவாள். இவர் பம்பாய் போகிற வாரமும் அதுவும் மூன்று தரம் ஒன்றாக வந்தது. அவளோடு மூன்று வருஷமாக நான் பேசவில்லை. பெட்டி ஒட்டுகிற ஒரே டேப்பை இரண்டு பேரும் பேசாமல் வாங்கி வாங்கிக் கிழித்தோம். இப்போது உங்கள் கடிதத்தைப் பார்த்தால் ஆள் மாறிவிட்டதோ என்று இருக்கிறது. நீங்கள் திருப்பூரில் வேலை பார்த்தவரா? அவர் சட்டையை மடித்தது நீங்களா?

டாக்டரிடம் காட்டினாரா என்று கேட்டீர்களே, எந்த டாக்டர்?

மாரக்காள்


தாராவி
14.5.2025

அக்கா,

உங்கள் கடிதம் பகல் பதினோரு மணிக்கு வந்தது. உலையில் அரிசி போட்டிருந்தேன். படித்துவிட்டு உட்காரக்கூட இல்லை. பன்னிரண்டரைக்குப் பதினாலு பேர் சாப்பிட வருவார்கள். வந்தார்கள். சோறு போட்டேன். "என்ன இசக்கி, சாம்பார்ல உப்பு இல்ல?" என்று ஒருத்தர் கேட்டார். அவ்வளவுதான் நான் காட்டிய துக்கம். தலை முழுக எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

போனும் போட்டேன். சொன்ன மாதிரியே நீங்கள் எடுக்கவில்லை.

நான் திருப்பூரை ரயிலில் கடந்திருக்கிறேன், இறங்கியதில்லை. அவர் சட்டையை நான் தொட்டதில்லை. மடித்ததெல்லாம் அவர்தான். சாம்பிள் பையைக் கட்டிலில் கொட்டி ஒவ்வொன்றாக மடித்து அடுக்குவார், அதே கையோடு தன் சட்டையையும். பிறகு பக்கத்துக் கட்டில்காரன் சட்டையையும் பிடுங்கி மடிப்பார். "இது எஞ்சம்சாரத்து மடிப்புங்க. நம்மளுக்கு ஒரு சட்டைக்கு ரண்டு நிமிசம். அவ கையி போறதே தெரியாது" என்பார். பேக்கிங்குக்குச் சரக்கு எடுக்க வரும்போது உங்கள் மேஜைப் பக்கம் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டாராம். நீங்கள் சந்தேகப்பட்ட கை உங்கள் கைதான் அக்கா.

வெண்ணெய் எனக்கு மட்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் தோசை. அதற்கு.

டாக்டர் விஷயம். இதை மறைத்தால் எனக்குச் சோறு இறங்காது. தீபாவளிக்கு முந்தின வாரம் கடைசியாக வந்தபோது எங்கள் இரும்பு ஏணிப்படியில் பாதியில் நின்றுவிட்டார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டார், சட்டை நனைந்துவிட்டது. நான்தான் டாக்சி வைத்து டாக்டரிடம் கூட்டிப்போனேன். இருதயம், உடனே பெரிய ஆஸ்பத்திரியில் சேருங்கள் என்றார். இவர் கேட்கவில்லை. "கோயமுத்தூர்ல பாத்துக்கறனுங்க" என்றார். படியிறங்கும்போது என் கையைப் பிடித்து, "ஊட்டுக்குச் சொல்லிப்போடாதீங்க. அவ என்னைய வண்டி ஏற உடமாட்டா. புள்ள கடைசி வருசம்" என்று சத்தியம் வாங்கினார். உங்கள் நம்பர் என் ரிஜிஸ்தரில் இருந்தது. இரண்டு தரம் எடுத்துப் பார்த்தேன். போடவில்லை.

இசக்கியம்மாள்


திருப்பூர்
21.5.2025

இசக்கியம்மாளுக்கு,

என் மகள் உன் படி ஏற மாட்டாள்.

எங்கள் பக்கம் சின்னக் குழந்தையைக்கூட வாங்க போங்க என்றுதான் சொல்வோம். உனக்கு அந்த மரியாதை எழுத என் கை வரவில்லை.

நீ டாக்டரிடம் கூட்டிப்போன பிறகு அவர் பத்தொன்பது நாள் உயிரோடு இருந்தார். வீடு வந்து சேர்ந்து பதினேழு ராத்திரி என் பக்கத்தில் படுத்திருந்தார். தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துவிட்டது நான். அந்த நெஞ்சில் வலி இருப்பது எனக்குத் தெரியாது. ரயிலில் ஒரு நாளுக்கு மேல் போக வேண்டிய ஊரில் இருக்கிற உனக்குத் தெரியும். அவர் கையைப் பிடித்துச் சத்தியம் கேட்டது உன்னிடம். ஒரு போன் போட்டிருந்தால் நான் அவரைக் கட்டித் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பேன். சாகிற விஷயத்தைக்கூட என்னிடம் சொல்லாமல் உன்னிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

மடிப்பு விஷயம் படித்தேன். என் கை என்று நீ எழுதியதும் நான் குளிர்ந்துவிடுவேன் என்று நினைத்தாயா? வீட்டில் அவர் சட்டையைச் சுருட்டி நாற்காலியில் போடுவார். நான்தான் எடுத்து மடிப்பேன். என் கையை அவர் நின்று பார்த்தாராம். அதைச் சொல்ல வேண்டியது என்னிடம்.

நேற்று சத்யப்பிரியா மேஜைக்குப் போனேன். டேப்பை நீட்டி, "நீ மொதல்ல கிழிச்சுக்க கண்ணு" என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஏனுங்க்கா, வாயில வச்சிருந்த கொழுக்கட்டை மூணு வருசங்கழிச்சு இப்பத்தான் கரைஞ்சுதாங்க?" என்றாள். காரணம் கேட்டாள். என்னத்தைச் சொல்வது? பல்வலி என்றேன். "மூணு வருசமாங்க?" என்று சிரித்தவள், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

வேறு இடம் தேடினோம். ஜெயபாண்டி போனில் ஒரு ரூம் காட்டினார், தொள்ளாயிரம் ரூபாய், ஜன்னலில் கடல் தெரிந்தது. மதி உற்றுப் பார்த்துவிட்டு, "அம்மா, அது ஜன்னல் இல்ல, செவுத்துல ஒட்டுன காகிதம்" என்றாள். இன்னொரு இடத்தில் தனியாக வருகிற பெண்ணுக்கு ரூம் தரமாட்டோம் என்றார்கள். ஒரு பெண்கள் விடுதியில் ஒரு வருஷத்துக்கு எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள். ஆறு வாரத்துக்கு யாரும் இல்லை. "அப்பா இருந்த எடம் இருக்கறப்ப ஏம்மா ஊரெல்லாம் தேடறே?" என்று மதி கேட்கிறாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. நேற்று ராத்திரி, "உடும்மா, நான் போகலை. இங்கயே செக்கிங்ல சேந்துக்கறேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அவர் நெஞ்சு வலியை மறைத்தது இவள் படிப்புக்காக. அது செக்கிங் மேஜையில் போய் முடியப் போகிறது.

ஒரு கேள்வி கேட்கிறேன். வெண்ணெய், தோசை என்று எழுதாமல் பதில் எழுது. நீ அவருக்கு யார்? அவர் உனக்கு யார்?

மாரக்காள்


தாராவி
28.5.2025

அக்கா,

நீ என்று எழுதியது சரிதான். எனக்கும் நீங்கள் என்பது அந்நியமாகத்தான் இருந்தது. ஆனால் நான் மாற்ற மாட்டேன்.

முதலில் பிள்ளை விஷயம். என் மெஸ் வேண்டாம் என்றால் வேண்டாம். இரண்டு நாள் மத்தியானத்தில் நானே சுற்றினேன். மாகிமில் கன்னியாஸ்திரிகள் விடுதி நல்ல இடம், ஆகஸ்டு வரை நிரம்பிவிட்டது. சயானில் ஒரு விடுதி, படியேறும்போதே வாசலில் நின்ற ஆளின் பார்வை பிடிக்கவில்லை, இறங்கிவிட்டேன். செம்பூரில் ஒரு வயதான தம்பதி ஒரு அறை தருகிறார்கள். வாடகை கேட்டால் அந்த வீட்டையே விலை பேசலாம். ஸ்டேஷன் பக்கத்து லாட்ஜுகளைப் பற்றி எழுதவே மாட்டேன். பூனையைக்கூட அங்கே விட மாட்டேன். பயிற்சியை மட்டும் விட வேண்டாம் அக்கா. என் மேல் இருக்கிற கோபத்தை அவள் தலையில் வைக்காதீர்கள்.

இப்போது உங்கள் கேள்வி.

நான் அவருக்கு மெஸ்காரம்மா. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. தெய்வத்தின் மேல் ஆணையாகச் சொல்கிறேன், அவர் என்னை ஒரு தரம்கூடத் தப்பாகப் பார்த்ததில்லை.

அவர் எனக்கு யார் என்றால், எழுதுவது கஷ்டம். எழுதுகிறேன்.

இந்த ஊரில் கட்டில் ஆறுகிறதே கிடையாது. பகல் வேலைக்காரன் எழுந்து போனதும் ராத்திரி வேலைக்காரன் அதே சூட்டில் வந்து படுப்பான். ஒரு கட்டிலுக்கு இரண்டு ஆள், இரண்டு வாடகை. அப்படித்தான் நான் பிழைக்கிறேன். அந்த ஜன்னல் கட்டிலை மட்டும் மாதத்தில் முதல் வாரமும் மூன்றாவது வாரமும் யாருக்கும் விட மாட்டேன். ஆள் வந்து நின்றால், "சொல்லி வச்ச இடம், வேற பாருங்க" என்பேன். அவருக்கு இது தெரியாது. "நம்ம அதிர்ஷ்டம் பாருங்க, எப்ப வந்தாலும் இந்தக் கட்டலு காலியா இருக்குது" என்பார். "ஆமா அண்ணாச்சி, ராசிக்காரரு நீங்க" என்பேன். பதினோரு வருஷம். தீபாவளிக்குப் பிறகும் விடவில்லை. உங்கள் கடிதம் வரும் வரை அது காலியாகத்தான் கிடந்தது. வந்த பிறகும்தான்.

இதற்கு என்ன பேர் வைக்கிறீர்களோ வையுங்கள். என் வாயால் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அவர் கீழே வந்து அடுப்படி வாசலில் உட்கார்ந்து பேசுவார். நான் வெங்காயம் உரிப்பேன். பேச்செல்லாம் நீங்கள்தான். மாரக்காள் கோபித்துக்கொண்டது, மாரக்காள் செருப்பு, மாரக்காள் வைக்கிற கொள்ளு ரசம். உங்களை ஒரு நாள் பார்க்காத நான், உங்களைக் கேட்டுக் கேட்டே வெறுத்துப்போனேன். நீங்கள் என் மேல் எரிந்தது மூன்று மாதம். நான் உங்கள் மேல் எரிந்தது எத்தனை வருஷம் என்று பாருங்கள்.

போன் போடாதது தப்பு. அதற்குச் சத்தியம் ஒரு சாக்கு. அவர் என்னிடம் மட்டும் சொன்னது ஒன்று இருக்கட்டும் என்று எங்கேயோ ஒரு ஆசை இருந்தது. இதை எழுதிய பிறகு நீங்கள் பதில் போட மாட்டீர்கள் என்று தெரியும்.

இசக்கியம்மாள்


திருப்பூர்
2.6.2025

இசக்கியம்மா,

பதில் போடுகிறேன். விரைவுத் தபாலில் அனுப்புகிறேன், நேரம் இல்லை.

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். முதல் தரம் கிழிக்கப் போனேன். இரண்டாம் தரம் அந்தக் கடைசிப் பத்தியில் நின்றேன். அப்படி ஒரு ஆசை இருந்தது என்று எவளும் எழுத மாட்டாள். நீ எழுதியிருக்கிறாய். பொய் சொல்லாதவள் வீட்டில் பெண்ணை விடலாம் என்று மூன்றாம் தரம் படிக்கும்போது தோன்றியது.

சனிக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் வந்து சேருகிறோம். மதி ஆறு வாரமும் கீழ் அறையில் உன் கூடப் படுப்பாள். எல்லோருக்கும் என்ன வாடகையோ அதுவே. சலுகை வேண்டாம். ஆஸ்பத்திரி விஷயத்தை அவளிடம் நீ சொல்லாதே. பயிற்சி முடிந்து வந்ததும் நான் சொல்வேன். அதைச் சொல்கிற பாரம் என்னுடையது.

போன் போடாததற்கு உன்னை மன்னிக்கவில்லை. முருகன் சன்னிதியில் போய் நின்று பார்த்தேன், வரவில்லை. வரும்போது வரட்டும். அதற்காகப் பிள்ளை காத்திருக்க முடியாது.

அந்த ஜன்னல் கட்டிலை நான் வருவதற்குள் யாருக்காவது வாடகைக்கு விட்டுவிடு. நான் மாடி ஏறிப் பார்க்கும்போது அதில் ஒரு ஆள் படுத்திருக்க வேண்டும். குறட்டை விட்டாலும் சரி. காலியாகக் கிடந்தால் எனக்குத் தாங்காது. என் வீட்டில் அவர் படுத்த இடத்தில் பதினாறாம் நாள் முதலே மதி படுக்கிறாள். இருக்கிறது ஒரு அறை, வேறு என்ன செய்ய? அவருக்கென்று ஒரு இடத்தை ஒழித்து வைக்க என்னால் ஆகவில்லை. அத்தனை நெருக்கடியான ஊரில் நீ வைத்திருந்தாய். மற்றதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். அதைப் பொறுக்க முடியவில்லை.

நான் இரண்டு நாள் இருப்பேன். ஊர் பார்க்க வரவில்லை, கடல் பார்க்க வரவில்லை. அவர் உன்னிடம் பேசியதெல்லாம் எனக்கு வேண்டும். வீட்டில் அவர் பேச்சு, "சோறு போடு", "சாவி எங்க", "மதி வந்துட்டாளா". அவ்வளவுதான். பேசாத சுபாவம் என்று நினைத்து நானும் பேசாமல் இருந்துவிட்டேன். நீ அடுப்படியில் உட்கார், நான் வாசலில் உட்காருகிறேன். ஒன்று விடாமல் சொல். என்னைப் பற்றிக் குறை சொல்லியிருந்தால் அதையும் சொல். மற்ற ஆட்களைப் பற்றி, ரயிலைப் பற்றி, எதைப் பற்றிப் பேசியிருந்தாலும் சொல். எல்லாம் கேட்டு முடித்த பிறகு நான் ஊருக்கு வந்துவிடுவேன். அதற்குப் பிறகு நாம் எழுதிக்கொள்ள வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன்.

ஒன்று மட்டும். செத்தவர்களைப் பற்றிச் சொல்லும்போது சில பேர் அவர்களைப் போலவே பேசிக் காட்டுவார்கள். நீ அப்படிச் செய்யாதே. உன் ஊர்ப் பேச்சிலேயே சொல். அவர் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மாரக்காள்